பாரிஸிலிருந்து வந்த சி.டி.

14.8.1988, ஞாயிறு

பாரிஸ் அத்தான் எனக்காக சி.டி. பிளேயர் கொண்டுவந்திருக்கிறார். என்னிடம் பன்னிரண்டு வருடமாக இருக்கும் ராக் ஆல்பத்தின் சி.டி. பதிப்பும் கூடவே. சாயங்காலம் இசைத்தட்டையும் சி.டி.யையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டோம். சி.டி.யில் கீறல் சத்தமே இல்லை. ஆனால் டிரம்ஸ் பக்கத்து வீட்டில் அடிப்பதுபோல இருந்தது. இசைத்தட்டில் அது நெஞ்சிலேயே விழும்.

"எது நல்லாருக்கு?" என்றார்.

ஆசையாக வாங்கி வந்தவராயிற்றே. "புதுசுதாங்க அத்தான்" என்றேன்.

"அப்ப பழச நான் எடுத்துக்கிறேன் மாப்ள. எனக்கென்னமோ அதுதான் புடிச்சிருக்கு."

பன்னிரண்டு வருடத்துக்கு முன் திருமலைராயன்பட்டினத்தில் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்து நான் கொண்டுவந்த தட்டு. சிரித்துக்கொண்டே நானே உறையில் போட்டுக் கொடுத்தேன். வியாழக்கிழமை கிளம்புகிறார். திருப்பிக் கேட்க வாய் வரவில்லை.

தட்டை வைத்த அவர் பெட்டி கூடத்தில்தான் இருக்கிறது. பூட்டவில்லை. இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.