கதவைச் சாத்த ஒரு மலைப்படம்

அத்தான்,

இன்று காலை இந்த வருடத்துக் கச்சான் காற்று மேற்கேயிருந்து தொடங்கிவிட்டது. நாளிதழை மேசையில் விரித்தேன். நடுத்தாள் எழும்பி முகத்தில் அடித்தது, வாயெல்லாம் உப்புமண். "சன்னலச் சாத்து ஏளா" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து நீங்கள் சொல்வீர்கள் என்று ஒரு நொடி காத்திருந்தேன். நீங்கள் இல்லாத முதல் கச்சான் இது.

நமக்குக் கல்யாணமான புதிது. புதுத் துறைமுகத்துக்காகக் கடலை ஆழப்படுத்திக்கொண்டிருந்தார்கள். எங்கெங்கே எவ்வளவு ஆழம் என்று படம் வரையும் வேலை உங்களுக்கு. வீட்டில் உங்கள் அம்மா, கல்யாணமாகாத மூன்று தங்கைகள், நாம். நமக்கென்று ஓர் அறை இருந்தது, அதற்குக் கதவும் இருந்தது. பகலில் அதைச் சாத்தக் கூடாது என்பது யாரும் வாய்விட்டுச் சொல்லாத சட்டம். சாத்தினால், "மருமகளுக்கு மேலுக்கு முடியலையோ?" என்று கூடத்திலிருந்து குரல் வரும். பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்துவிட்டு வந்து அந்தத் திறந்த அறையில் உட்கார்ந்தால் எனக்கு மூச்சு முட்டும். வீட்டிலுள்ளவர்கள் காதில் விழாமல் உங்களிடம் ஒரு வார்த்தை பேச வழியில்லை.

காலாண்டு விடுமுறையில் பாபநாசம் மலையில் நடந்துவிட்டு வரலாம் என்று நீங்கள் சொன்னது அப்போதுதான். மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு, நாம் இருவர் மட்டும். தெரிந்தவரிடமிருந்து, வழி பார்க்க இரண்டு மலைப்படங்கள் கொண்டுவந்தீர்கள். ஒன்று பழசு; மலைகளுக்குப் பழுப்பு நிறத்தில் நிழல் தீட்டியது. மற்றது புதிது, வெறும் கோடுகளும் எண்களும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். தரையில் விரித்ததும் காற்று தூக்கியது. எழுந்து சன்னலைச் சாத்தினீர்கள். பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே கதவையும் சாத்தினீர்கள்.

"என்னலே, பட்டப்பகல்ல கதவச் சாத்திக்கிட்டு?"

"படம் பறக்குதும்மா!"

உண்மையிலேயே பறந்ததால் மாமியால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. சிரிப்பை வாய்க்குள் அடக்கியதில் எனக்கு விக்கல் வந்துவிட்டது. ஒரு மாலையில் முடிய வேண்டிய காரியத்தை ஆடி முழுக்க இழுத்தோம்.

எனக்குப் பழையதுதான் பிடித்தது. "பாத்தாலே மலை மாதிரி இருக்கு அத்தான்" என்றேன்.

"பாக்கதுக்கு நல்லாத்தான் இருக்கும். நடக்கதுக்கு இதுதான்" என்று புதியதை எடுத்துக்கொண்டீர்கள். முகட்டின் மேலாகவே போகிற வழி என்று பென்சிலால் ஒரு கோடும் போட்டீர்கள். நான் தொட்டால்கூடக் கசங்கிவிடும் என்று படத்தைக் கையில் தரவில்லை.

மலையில் இரண்டாம் நாள் அந்த முகடு வரவேயில்லை. இறங்கிக்கொண்டே போனோம். "இந்தா ஏறும், இந்தா ஏறும்" என்றீர்கள். கடைசியில் ஓர் ஓடைக்குள் போய் நின்றோம். இரண்டு பக்கமும் பாறைச் சுவர், முன்னால் செங்குத்தான பள்ளம். மழை பிடித்துக்கொண்டது, நாம் இறங்கி வந்த வழியிலேயே தண்ணீர் புரண்டு வந்தது. ஒரு பாறை இடுக்கில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். படத்தை அப்போதுதான் உங்கள் கையிலிருந்து வாங்கினேன்.

"அத்தான், இந்த எண்ணு கூடக்கூட மேடா, பள்ளமா?"

குனிந்து பார்த்தீர்கள். முகம் வெளுத்துவிட்டது. நாள் முழுக்கக் கடலை வரைகிற கை உங்களுடையது. மலைப்படத்தில் எண் கூடினால் உயரம்; அந்தக் கைக்கோ எண் கூடினால் ஆழம் என்றே பழகியிருந்தது. சிறிய எண்களாகத் தேடிப் பிடித்து, முகடு என்று நினைத்துப் பள்ளத்தின் வழியே கோடு போட்டிருந்தீர்கள்.

"மலையக் கொண்டுபோய்க் கடல்ல போட்டுட்டேனே ஏளா!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. அந்த இடத்தில்தான் கேட்டேன். யார் காதிலும் விழாது என்ற தைரியத்தில், மழையை மீறி, சத்தமாக.

"திரும்பிப் போனதும் தனி வீடு பாருங்க அத்தான். ஊருக்கு வெளிய, நம்ம புதுக்கோட்டைப் பக்கம் ஒத்த அறைன்னாலும் போதும். அந்த வீட்ல என்னால மூச்சு விட முடியல."

"அப்பா இல்லாத வீடு. மூணு பொம்பளப் பிள்ளைகள விட்டுட்டு நான் எங்கன போவேன்?" என்றீர்கள். மழை விட்டு ஓடை வடிந்ததும் என் கையைப் பிடித்து மேலே ஏற்றிக் கொண்டுவந்தீர்கள். நீங்கள் வெளியே வந்துவிட்டீர்கள், நான் வரவில்லை என்று பல வருடம் நினைத்திருக்கிறேன்.

அதன் பிறகு நாம் எந்த மலைக்கும் போகவில்லை. ஆனாலும் வருடா வருடம் எங்கிருந்தாவது ஒரு மலைப்படம் வாங்கிவந்து, கதவைச் சாத்தி, தரையில் விரித்து, "எந்த வழியாப் போவோம், நீ சொல்லு" என்பீர்கள். அப்போதெல்லாம் படம் என் கையில்தான் இருக்கும். தங்கைகளுக்கு ஒவ்வொருத்தியாகக் கல்யாணம் ஆனது. நமக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள். மாமி படுக்கையில் விழுந்தார்; நான்தான் பார்த்துக்கொண்டேன். தனி வீட்டுப் பேச்சை நீங்களும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

கேட்டதைத் தர முடியாமல்தான் அந்தப் படங்களை வாங்கிவந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் போதவில்லை அத்தான். அன்றைக்கு, ஒரு பொய்யாகவாவது, 'சரி, பாப்போம்' என்று சொல்லியிருக்கலாம். அந்தக் கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது. பிள்ளைகளிடம் சொல்லித் தீர்க்கலாம், சொல்ல மனமில்லை. அது ஆறிப்போனால், உங்களிடம் பேச எனக்கு வேறென்ன மிச்சம் இருக்கிறது?