நுரையும் புரையும்

ஜூன் 17, செவ்வாய் மாலை

அன்புள்ள ஹெத்விகாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் வேளைக்குச் சாப்பிட்டு, வேலைக்குப் போய், வீட்டுக்கு வந்ததும் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு இருக்கிறோம், அதை நலம் என்றே நீ எடுத்துக்கொள்ளலாம். நீயும் பூமியின் அந்தக் கோடியில், டனீடினில் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே செர்ரி பழுக்கும்போது உனக்குக் குளிர் தொடங்குகிறது என்பது நீ போய் இரண்டு வருடமாகியும் எனக்குப் பழகவில்லை. வாடகை வீட்டில் சுவரெல்லாம் ஈரம் என்றாயே, கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போடாதே, பகலில் கொஞ்ச நேரமாவது ஜன்னலைத் திற. நான் அனுப்பிய கம்பளிக் காலுறை வந்ததா என்று நீ சொல்லவே இல்லை. இந்த வருடம் எல்டர் பூ சர்பத் குறைவாகத்தான் போட்டேன், குடிக்க ஆளில்லை, பூப்பறிக்க எனக்கும் கை ஒழியவில்லை. ஆய்வுக்கூடத்தில் இரண்டு பேர் வேலையை ஒருத்தியாகச் செய்கிறேன், மாவட்டம் முழுக்கக் குடிக்கிற தண்ணீரைப் பார்த்துப் பார்த்து வீட்டுக்கு வந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கக்கூடத் தோன்றுவதில்லை.

காகிதத்தில் ஏன் எழுதுகிறேன் என்று யோசிப்பாய். ஞாயிற்றுக்கிழமை நீ அழைக்கும்போது அப்பா என் தோளுக்குப் பின்னாலேயே நிற்கிறார். ஈமெயில் பெட்டியும் எங்கள் இருவருக்கும் ஒன்றுதான். அவர் படிக்கக் கூடாத ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவருக்கு வலது கண்ணில் புரை வளர்ந்திருக்கிறது. மரம் அறுக்கும் ஆலையில் சேர்ந்த புதிதில் இரும்புத் தெறிப்பு பட்ட அதே கண். போன வருடம் கோடையிலேயே தெரிந்துவிட்டது, உனக்குச் சொல்லக் கூடாது என்றார், மார்ச்சில் அறுவைக்கு நாள் கொடுத்தார்கள், அவருடைய நீராவி இன்ஜின் அனெஷ்கா ஓடி முடியட்டும் என்று தள்ளிப்போட்டார். அறுவை செய்துகொண்டால் மறுபடி மருத்துவக் குழு முன்னால் போய் நிற்க வேண்டும், இன்ஜினில் ஏற அவர்கள் அனுமதிக்காமலே போகலாம் என்பதுதான் அவர் பயம். பன்னிரண்டு வருடம் சனிக்கிழமை சனிக்கிழமையாகத் துருவைச் சுரண்டிய இன்ஜின் முதன்முதல் ஓடும் நாளில் மேடையில் நின்று கைதட்டிக்கொண்டிருக்க மாட்டேன் என்றார். ஒன்று நீங்கள் ரயில் சங்கத்தில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நான் சொல்கிறேன் என்று நான் இரண்டு முறை சொன்னேன். "ஒரே ஒரு சனிக்கிழமை சார்கா, அப்புறம் நீ சொல்ற எடத்துல கையெழுத்துப் போடறேன்" என்று கெஞ்சினார். உன் அப்பா கெஞ்சி நீ பார்த்திருக்க மாட்டாய். நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

போன சனிக்கிழமை அது ஓடியது. அவர் உனக்கு அனுப்பிய படங்களில் எல்லாம் அழகாகவே இருந்திருக்கும், ஏனென்றால் அவை எல்லாமே புறப்படுவதற்கு முன்னால் எடுத்தவை. ஸ்டேஷனில் கால் வைக்க இடமில்லை. ஜெர்மனியிலிருந்து எல்லாம் ஏணியும் முக்காலியும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். சங்கத் தலைவர் கிளிமெஷ் பழைய ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பி போட்டுக்கொண்டு அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தார். அனெஷ்கா என்று பெயர் வைக்கவே மூன்று கூட்டம் போட்டவர்கள், ஷாம்பேன் புட்டியை உடைத்தால் பெயிண்ட் போய்விடும் என்று பிளாஸ்டிக் கோப்பையில் ஊற்றிக் கோவிலில் தீர்த்தம் தெளிப்பதுபோலத் தெளித்தார்கள். நான் எங்கே நின்றாலும் யாருடைய படத்திலோ விழுந்துகொண்டிருந்தேன், "சாம்பல் கோட்டுக்காரம்மா, கொஞ்சம் தள்ளுங்க, சக்கரத்த மறைக்கிறீங்க" என்று ஒருவர், நான் தள்ளி நின்றால் "அய்யய்யோ, இப்ப புகைபோக்கிய மறைக்கிறாங்களே" என்று இன்னொருவர். நகராமல் நின்ற ஒரு பெரியவரைப் பார்த்து, "இவரும் இன்ஜினோட சேந்து துருப்பிடிச்சுப் போனவரு போல, எண்ணெய் விட்டாத்தான் அசைவாரு" என்றான் ஒருவன். அப்பா கரியும் எண்ணெயுமாக இன்ஜினிலிருந்து கீழே பார்த்துக் கை ஆட்டினார். அந்த முகத்தை நான் எங்கள் கல்யாணப் படத்தில்கூடப் பார்த்ததில்லை, உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

நான் முதல் பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். ஊர் எல்லை தாண்டிக் காட்டு ஏற்றம் தொடங்கியதும் முகத்தில் தூறல் மாதிரி விழுந்தது. எல்லோரும் ஆவி ஆவி என்று கையை வெளியே நீட்டிச் சிரித்தார்கள். நான் கையில் விழுந்ததை விரலால் தேய்த்துப் பார்த்தேன், வழுக்கியது, பாத்திரம் கழுவுகிற வாசனை. புகைபோக்கியிலிருந்து பஞ்சு மாதிரி வெள்ளையாகத் திட்டுத்திட்டாகப் பறந்தது. தொழிலே தண்ணீர் என்பதால் இது சோப்பு என்று எனக்குப் புரிந்துவிட்டது, ஆனால் பெட்டியிலிருந்து இன்ஜினுக்கு எப்படிச் சொல்வது. இன்ஜினின் உள்ளே யாரோ சம்மட்டியால் அடிப்பதுபோல் சத்தம், வண்டி இரண்டு முறை குலுங்கி நடுக்காட்டில் நின்றது. படம் எடுக்கவே நிறுத்தியிருக்கிறார்கள் என்று நினைத்து முக்காலிக்காரர்கள் எல்லாரும் குதித்து இறங்கிப் புல்லில் வரிசை கட்டினார்கள், "டிரைவர் சார், இன்னொரு தடவ விசில் அடிங்க" என்றுகூட ஒருவர் கத்தினார்.

இன்ஜின் மேலே நடந்ததை ஞாயிறன்று டிரைவர் யார்தா நம் சமையலறையில் உட்கார்ந்து சொன்னான், அப்பா சொல்லவில்லை. பாய்லரில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்ட ஒரு கண்ணாடிக் குழாய் இருக்குமே, அதைக் கவனிப்பதுதான் கரி போடுகிற அப்பாவின் முதல் வேலை. தண்ணீர் குறைந்துபோய்த் தீக்கு மேலே இருக்கும் தகடு காய்ந்தால் பாய்லர் வெடித்துவிடும், அதை நீ சின்ன வயதிலேயே அவரிடம் கேட்டிருப்பாய். புறப்பட்டதிலிருந்தே குழாய் அவருக்குப் பால் மாதிரி கலங்கித் தெரிந்திருக்கிறது. கண்தான் என்று நினைத்திருக்கிறார். கைக்குட்டையை நனைத்து நனைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாராம், கரித்தூசி என்று யார்தா நினைத்துக்கொண்டான். சத்தம் வந்ததும் யார்தா வளைவிலிருந்து தலையைத் திருப்பாமலே "லுபோஷ், தண்ணி எவ்ளோ?" என்று கத்தினான். பாதி என்று சொல்லியிருக்கலாம். பாதிதான் இருக்க வேண்டும், கணக்குப்படி. உன் அப்பா அப்படிச் சொல்லவில்லை. "யார்தா, எனக்கு வலது கண்ணு தெரியல, ஒரு வருஷமாவே தெரியல, நீயே வந்து பாரு" என்று சொல்லிவிட்டார். யார்தா வந்து பார்த்துவிட்டு, "அட மடையா, உன் கண்ணுல ஒண்ணும் இல்ல, கண்ணாடிக்குள்ளதான் நுரை" என்றானாம். ஆவியை மூடியதும் நுரை அடங்கியது, அடங்கிய பின் பார்த்தால் குழாயில் தண்ணீரே தெரியவில்லை.

அதற்குள் கிளிமெஷ் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்துவிட்டார். இன்னும் இரண்டு கிலோமீட்டர்தான், அடுத்த ஸ்டேஷன் ப்ரெஸினாவில் பேண்டு நிற்கிறது, மேயர் நிற்கிறார், விருந்துக்கு வைத்த கூலாஷ் குழம்பு ஆறிப்போகும், தொட்டியிலிருந்து கொஞ்சம் தண்ணீர் ஏற்றிக்கொண்டு மெதுவாகப் போய்விடலாம் என்று யார்தாவைப் பிடித்துக்கொண்டார். யார்தா அவரிடம் வேலை பழகியவன், அவரை மறுத்துப் பேசிப் பழக்கமில்லாதவன். அப்பா நெருப்பை முழுக்கக் கீழே இழுத்துக் கொட்டினார். கொட்டி முடித்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "தீயக் கொட்டிட்டேன் தலைவரே, இனிமே நீங்க எவ்ளோ வேணும்னாலும் பேசுங்க" என்றார். இதை நான் புல்லில் நின்று என் காதால் கேட்டேன். கிளிமெஷ் தண்டவாளத்து ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பாவம், எழுபத்து நான்கு வயது, அழுகிறாரா என்று பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

கொட்டிய கங்குகளை அணைக்க ஊர்த் தீயணைப்புக் குழுவைச் சேர்ந்த ஸ்டாண்டா டேங்கரோடு வந்தான். குழாயைத் திறந்தான், தண்ணீருக்குப் பதில் நுரை பொங்கிக் கொட்டியது. அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. மழையால் தள்ளிப்போன குழந்தைகள் தினத்தை முந்தின நாள்தானே பள்ளியில் கொண்டாடினார்கள், பிள்ளைகள் நுரையில் குளித்து ஆட இதே டேங்கரில் சோப்பைக் கலந்து அடித்திருக்கிறான், மறுநாள் காலை இதே டேங்கரிலிருந்துதான் இன்ஜினுக்குத் தண்ணீர் நிரப்பினான். கிளிமெஷ் எழுந்து நின்று, "டேய் ஸ்டாண்டா, தொட்டியக் கழுவுனியா இல்லியா?" என்று கேட்டார். "கழுவுனேன் தலைவரே, சத்தியமா கழுவுனேன்... ஒரு தடவ" என்றான். மாவட்டத் தண்ணீரைச் சோதிக்கிறவள் ஊரில் இருக்க அன்று யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் போய்க் கேட்கவில்லை. கடைசியில் ஒரு டீசல் இன்ஜின் வந்து எங்களைப் பின்னாலிருந்து ஊருக்கு இழுத்துப் போனது. ஜெர்மன்காரர்கள் அதைத்தான் அதிகம் படம் எடுத்தார்கள். மூன்று கூட்டம் போட்டு வைத்த பெயர் சாயங்காலத்துக்குள் போய்விட்டது, இப்போது கடைத்தெருவில் எல்லோரும் சலவைக்காரி என்றுதான் சொல்கிறார்கள். ரொட்டிக்கடையில் என்னைப் பார்த்து, "உங்க வீட்டுக்காரரு திரைச்சீலை எல்லாம் துவைச்சுக் குடுப்பாராமே" என்று கேட்டாள் அந்தக் கடைக்காரி. நான் சிரித்துவிட்டு வந்தேன், வேறு என்ன செய்வது.

இதெல்லாம் போகட்டும் ஹெத்விகா, பாய்லரை நாலைந்து முறை கழுவினால் சரியாகிவிடும் என்கிறார்கள், செப்டம்பர் கடைசியில் மறுபடி ஓட்டப் போகிறார்கள். என் கவலை யார்தா ஞாயிறன்று கிளம்பும்போது சொன்னதுதான். நல்ல மனதோடுதான் சொன்னான், அப்பாவின் தோளில் தட்டி, "அந்தக் கண்ணு விஷயம் எனக்கு ஒண்ணும் கேக்கல லுபோஷ், இன்ஜின் சத்தத்துல என்ன கேக்கும்" என்றான். அன்றிலிருந்து அப்பா வேறு பேச்சுப் பேசுகிறார். "பாத்தியா சார்கா, யார்தாவே சொன்னான், என் கண்ணுல ஒண்ணும் இல்ல, நுரைதான்" என்கிறார். கண்ணாடியில் நுரை இருந்ததால் கண்ணில் புரை இல்லை என்று ஆகுமா என்று கேட்டால், நீ எப்போதும் ஆய்வுக்கூடம் மாதிரியே பேசுவாய் என்கிறார். நேற்று உப்புக்குப் பதில் சர்க்கரையை எடுத்து முட்டையில் போட்டுவிட்டு, நான் பார்க்கவில்லை என்று நினைத்து அப்படியே தின்றார். ஆகஸ்ட் ஐந்தாம் தேதி அறுவைக்கு மறுபடி நாள் கொடுத்திருக்கிறார்கள், வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கப் போகிறாராம், செப்டம்பர் ஓட்டம் முடியட்டுமாம். செப்டம்பரில் குழாயில் தண்ணீர் உண்மையிலேயே பாதி இருக்கும், அல்லது இருக்காது, இவர் மேலே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார். நான் சங்கத்தில் போய்ச் சொல்லிவிடலாம், கிளிமெஷ் மறுநாளே இவரை இறக்கிவிடுவார், இவர் அதற்குப் பிறகு என்னோடு ஒரே வீட்டில் எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியாது. ஜூலைக் கடைசிக்குள் இவராகச் சொல்லாவிட்டால் அதையும் செய்துவிடுவேன். ஆனால் எனக்குக் களைப்பாக இருக்கிறது ஹெத்விகா, இந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் நானே கெட்டவளாகிச் சலித்துவிட்டது.

அதனால் உன்னிடம் கேட்பது இதுதான். இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வரும் ஞாயிறு நீ அழைக்கும்போது இன்ஜின் எப்படி ஓடியது என்று முதலில் கேட்காதே. கண் எப்படி இருக்கிறது அப்பா என்று கேள். நான்தான் எழுதினேன் என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும், தெரியட்டும், கோபத்தை என்மேல் காட்டிக்கொள்ளட்டும். கேட்டுவிட்டுச் சும்மா இரு, நீயாக எதுவும் பேசி நிரப்பாதே, அவர் தொண்டையைச் செருமுவார், வானிலை பற்றிச் சொல்வார், அப்போதும் நீ சும்மா இரு. கண்ணாடி கலங்கித் தெரிந்தபோது பாதி என்று பொய் சொல்லாத மனிதர் அவர், நேராகக் கேட்பவர்களிடம் அவருக்குப் பொய் வராது. ஒருமுறை யார்தாவிடம் சொல்லிவிட்டார், அவன் கேட்காததுபோல் இருந்துவிட்டான். நீயாவது, என் காதில் விழுந்தது அப்பா என்று சொல், போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள், இரவில் ஈரத் தலையோடு படுக்காதே, வேலையிடத்தில் உனக்கு நல்லதே நடக்கட்டும், உன்னைச் சுற்றியிருப்பவர்கள் உன்னிடம் அன்பாக இருக்கட்டும். பதில் காகிதத்தில் எழுதினால் ஆய்வுக்கூட முகவரிக்கு எழுது, வீட்டுக்கு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே.

என்றும் உன்,
அம்மா சார்கா