மேல்வீட்டு மீன் உருண்டை

வெலிங்டன்
9 மே 1967

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக வந்து சேர்ந்தோம். பாஸ்கா பண்டிகைக்கு உங்களோடு எட்டு நாள் இருந்ததைப் பிள்ளைகள் இன்னும் பேசுகிறார்கள்.

மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே சிரிக்க எனக்குத் தெரியாது. உங்கள் மேல்வீட்டு ஜென்யா அம்மாள் தட்டு நிறைய மீன் உருண்டை கொண்டுவந்தாளே, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கேரட் வில்லை வைத்து? ஒரு வாய்தான் தின்றேன். மிளகு தொண்டையைப் பிடித்தது. லித்துவேனியா யூதர்கள் அப்படித்தான், நம் வீட்டைப்போல் மீனில் சர்க்கரை போடமாட்டார்கள். ஆனால் அந்த மிளகுக்கு அடியில் இருந்தது அம்மாவின் மீன். அதே மெத்து, நடுநடுவே பல்லில் படும் அதே சதைத் துணுக்கு.

அம்மா அந்தப் பக்குவத்தை எனக்கே சொன்னதில்லை. "உனக்கெதுக்குடி? நான் செஞ்சு போடறேன், தின்னுட்டுப் போ" என்பாள். அம்மா போன இந்த இரண்டு வருஷமாக நான் மிஷினில் அரைத்து அரைத்துப் பார்க்கிறேன், களிதான் வருகிறது. பெற்ற மகளுக்குக் கிடைக்காதது மாடிவீட்டுக்காரிக்கு எப்படிக் கிடைத்தது? நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள்?

எனக்கு வயிறு எரிகிறது அப்பா.

உங்கள்
ரைசல்

எல்வுட், மெல்போர்ன்
20 மே 1967

அன்பு மகள் ரைசலுக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் பரவாயில்லை. "உங்க பொண்ணு ஒரு வாய் தின்னுட்டு என்னைப் பாத்தா பாருங்க ஒரு பார்வை, அடுப்பே வேணாம்" என்று ஜென்யா சிரித்தாள். அவள் மனதில் ஒன்றும் இல்லை.

நேரில் சொல்ல வாய் வராததை எழுதுகிறேன். புத்தாண்டுக்கு முன்னால் நானும் அவளும் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்றிருக்கிறோம். நீ சரி என்று சொல்லாமல் நடக்காது. மீனைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன்.

அப்பா

வெலிங்டன்
2 ஜூன் 1967

அப்பாவுக்கு,

நினைத்தேன்.

"மீனுக்காடி இத்தனை சண்டை?" என்று உங்கள் மாப்பிள்ளை லியோன் கேட்கிறார். அவருக்கென்ன, தட்டு வந்தால் தின்பார், வராவிட்டால் கத்துவார்.

அம்மாவின் நாற்காலியில் அவள் உட்காரட்டும். நானா தடுக்கிறேன்? ஆனால் அம்மா மீனுக்கென்று வைத்திருந்த அந்த மரக் கிண்ணமும் பிறைக்கத்தியும் எனக்கு வேண்டும். அம்மாவின் கை பட்டதை இன்னொருத்தி தொடக்கூடாது. அதை அனுப்புங்கள், பிறகு கல்யாணமோ கச்சேரியோ நடத்திக்கொள்ளுங்கள்.

ரைசல்

எல்வுட்
15 ஜூன் 1967

ரைசல் கண்ணே,

கிண்ணத்தையும் கத்தியையும் என் பழைய கோட்டில் சுற்றிக் கப்பலில் அனுப்பிவிட்டேன். ஜென்யாதான் முடிச்சுப் போட்டாள். "பொண்ணு கேக்கறா, குடுத்துடுங்க" என்றாள்.

இனி சொல்வதை உன் அம்மா மன்னிக்கவேண்டும். போரில் ஒடிந்து கோணலாகக் கூடிய மணிக்கட்டு அவளுக்கு. கத்தியை ஐந்து நிமிஷம் பிடித்தால் வீங்கிவிடும். மிஷின் மீனை அவள் வாயில் வைக்கமாட்டாள். அதனால் வியாழக்கிழமைதோறும் தையல் வேலை முடிந்து வந்ததும் நான்தான் கொத்துவேன், முக்கால் மணி நேரம். மசாலா அவளுடையது, கை என்னுடையது. "வெளியே சொன்னீங்கன்னா பாருங்க. பெய்லா புருஷனைக் கொத்த விட்டுட்டு உக்காந்திருக்கான்னு ஊரே சிரிக்கும்" என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். வியாழன் சாயங்காலம் உன்னைப் பாட்டு வகுப்புக்கு அனுப்பியது எதற்கென்று நினைத்தாய்? உனக்கா குரல் இருந்தது?

ஜென்யாவுக்கு நான் எந்தப் பக்குவமும் சொல்லவில்லை. அவளுக்கும் நான்தான் கொத்திக்கொடுக்கிறேன். உன் நாக்கு ஏமாறவில்லை, ஆளைத்தான் மாற்றிப் புரிந்துகொண்டாய்.

அப்பா

வெலிங்டன்
24 ஜூலை 1967

அன்புள்ள அப்பாவுக்கு,

கிண்ணம் நேற்று வந்தது. கத்திப் பிடியில் கட்டைவிரல் தேய்த்த பள்ளம் ஒன்று இருக்கிறது. என் விரலை வைத்துப் பார்த்தேன், பக்கத்தில் இன்னொரு விரலும் கொள்ளும். அம்மாவின் விரல் என்னுடையதைவிடச் சின்னது. சின்ன வயதில் எத்தனை முறை அந்தக் கத்தியைக் கழுவியிருக்கிறேன், கண்ணில் படவே இல்லை.

உட்கார்ந்து அழுதேன். ஜென்யா அம்மாள் மேல் பொறாமைப்பட்டது போதாதென்று இப்போது அம்மா மேலேயே பொறாமையாக இருக்கிறது. நாளெல்லாம் தைத்துவிட்டு வந்த மனுஷன், வாரம் தவறாமல், யாருக்கும் சொல்லாமல் கொத்திக்கொடுத்திருக்கிறார். பத்து வருஷத்தில் லியோன் எனக்கு ஒரு வெங்காயம் உரித்ததில்லை.

கிண்ணத்தையும் கத்தியையும் அதே கோட்டில் சுற்றித் திருப்பி அனுப்புகிறேன். அது என் கைக்குப் பொருந்தாது. கல்யாணத்துக்குச் சரி. வியாழக்கிழமை கொத்தும்போது நாலு உருண்டைக்குத் தனியாக எடுத்துச் சர்க்கரை போடச் சொல்லுங்கள். அது அம்மாவின் பங்கு. அதில் மிளகு விழக்கூடாது.

ஜென்யா அம்மாளை விசாரித்ததாகச் சொல்லுங்கள். வயிற்றெரிச்சலோடுதான் விசாரித்தாள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

உங்கள் மகள்
ரைசல்