கிலாரா அக்காவின் குழாய்

மார்ச் 6

இன்றும் சேறு. பேருந்து நிறுத்தம் வந்ததும் மகள் சாய்கலின் காலணிமேல் கட்டியிருந்த பிளாஸ்டிக் பைகளை அவிழ்த்துப் பெட்டிக்கடைக்குப் பின்னால் செருகினேன். அங்கே ஏற்கெனவே இருபது ஜோடி இருந்தன. சேற்றுக் காலோடு தலைநகர் பிஷ்கெக்கில் இறங்கினால் எந்தப் பக்கத்து ஆள் என்று கேட்காமலே தெரிந்துவிடும். நான் வேலை செய்யும் தையல் பட்டறை மேற்பார்வைக்காரி முகத்துக்கு முன்னால் காலைத்தான் பார்ப்பாள்.

எங்கள் பேட்டைக்குப் பெயர் தூனுக்-சூ. தெளிந்த நீர் என்று அர்த்தம். பெயரில்தான் தண்ணீர். தெருமுனைக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு மணி நேரம்.

செப்டம்பரில் சாய்கலுக்கு முதல் வகுப்பு. பேட்டைப் பள்ளியில் மூன்று ஷிஃப்ட், வகுப்புக்கு ஐம்பத்தெட்டுப் பேர். பக்கத்து வீட்டுப் பெண் நான்காம் வகுப்பு, இன்னும் எழுத்துக்கூட்டுகிறாள். என் மகள் அங்கே போகமாட்டாள். அவ்வளவுதான்.

மார்ச் 10

பட்டறைக்கு எதிர்ப் பள்ளியில் விசாரித்தேன். அலுவலகப் பெண் முகவரி கேட்டாள். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"எங்க எல்லைக்குள்ள பதிவு இருந்தாத்தான்மா சேப்போம். உங்களுக்குன்னு அங்கயே ஒரு பள்ளிக்கூடம் இருக்கே?"

இருக்கிறது. அதுதானே பிரச்சினை!

மார்ச் 15

என் கணவர் உலானின் அக்கா கிலாரா அதே பள்ளிக்குப் பின்னால், மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறாள். சாய்கலை அவள் முகவரியில் பதியவிடச் சொல்லிப் போய்க் கெஞ்சினோம். எனக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷமாகிறது. இன்னும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். வீட்டு மருமகள் என்பதற்கு எங்கள் சொல், கெலின். அதுதான் அவளுக்கு நான்.

"எழுதிக்கோ கெலின், பிள்ளை பேர எழுதிக்கோ. ஆனா நாளைக்கு வீட்டுல பங்குன்னு யாரும் வந்து நிக்கக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்."

சுருக்கென்றது. உலான் தலை நிமிராமல் தேநீர் குடித்தார். நகரத்தில் பன்னிரண்டு மாடி கட்டுகிற மனிதர், அக்கா முன்னால் வாயைத் திறப்பதில்லை. நான் அவள் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு.

ஏப்ரல் 11

விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். ஆனால் வீட்டுக்கே வந்து பார்ப்பார்களாம். போன வருஷம் ஒரே வீட்டு முகவரியில் பதினோரு பிள்ளைகள் இருந்தார்களாம்.

தினமும் சாய்கலுக்குப் பாடம்.

"உன் வீடு எங்க?"

"மூணாவது மாடி."

"தண்ணி?"

"குழாய்லேருந்து. சமையல் ரூம்லயே இருக்கே, அது!"

ஏழு வயசுப் பிள்ளைக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கிறேன். வேறென்ன செய்ய?

ஏப்ரல் 22

பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு இரண்டு நாளாகக் கிலாரா வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறோம். பள்ளியிலிருந்து யாரும் வரவில்லை.

ஏப்ரல் 24

கெடுத்தேன். நானே கெடுத்தேன்.

வெனேரா என்று ஒரு டீச்சர் வந்தாள். சாய்கல் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். எல்லாம் முடிந்தது, கையெழுத்துதான் பாக்கி. கை கழுவச் சமையலறைக்குப் போன டீச்சர் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

கெட்டில், இரண்டு பானை, மூன்று வாளி, கண்ணாடி ஜாடி — எல்லாவற்றிலும் விளிம்பு வரைக்கும் தண்ணீர். காலையில் குழாயைத் திறந்தேன், வந்தது, பிடித்து வைத்தேன். யாரும் சொல்லவில்லை. யோசிக்கவும் இல்லை. கை தன் பாட்டுக்குச் செய்திருக்கிறது!

"இங்க தண்ணி நின்னுபோகுமா?"

"முப்பது வருஷமா நின்னதே இல்லையே," என்றாள் கிலாரா. பெருமையாக வேறு!

டீச்சர் என்னையே பார்த்தாள். "எந்தப் பேட்டைம்மா நீ?"

"தூனுக்-சூ." மறைக்கத் தெம்பில்லை.

டீச்சர் படிவத்தை மடித்தாள். அப்புறம் சொன்னாள்: "நான் பொய் எழுத மாட்டேன். பிள்ளை நெசமாவே இங்க தங்கினா எழுதுறேன். படுக்கை, புஸ்தகம், பல்லு பிரஷ் எல்லாம் இங்க இருக்கணும். சொல்லாம கொள்ளாம வந்து பாப்பேன்."

"தங்கட்டும்," என்றாள் கிலாரா. "எனக்கும் துணை."

என்னைக் கேட்டார்களா? கேட்டிருந்தால் மட்டும் என்ன சொல்லியிருப்பேன்? தலையை ஆட்டினேன்.

செப்டம்பர் 2

வெள்ளை ரிப்பன், வெள்ளைச் சட்டை. வகுப்பில் இருபத்தாறே பேர். சந்தோஷம்தான். திரும்பும் பேருந்தில் தனியாக உட்கார்ந்து அழுதேன்.

அக்டோபர் 19

சனிக்கிழமை, வீட்டுக்குக் கூட்டி வந்தேன். மழை. காலில் பை கட்டப் போனால் உதறுகிறாள். "அசிங்கமா இருக்கும்மா." முதுகில் சுமந்து வந்தேன். எல்லா வீட்டிலும் கரி அடுப்பு மூட்டியிருந்தார்கள். வழி முழுக்க மூக்கைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

நவம்பர் 16

இந்தச் சனிக்கிழமை வரவில்லை என்று சொல்லிவிட்டாள், சேறாம். நான்தான் போனேன்.

புத்தகத்தில் ஒரு பக்கம் முழுவதையும் எங்கேயும் நிற்காமல் வாசித்துக் காட்டினாள். கேட்கக் கேட்க நெஞ்சு நிறைந்தது. இதற்காகத்தானே எல்லாம்.

சாப்பிட்டதும் பல் தேய்க்கப் போனாள். குழாய் சளசளவென்று கொட்டிக்கொண்டே இருந்தது. ஓடிப்போய் மூடினேன்.

"ஏன்மா மூடுற? அது எப்பவும் வரும்," என்றாள், வாய் நிறைய நுரையோடு.

நான் மூடிய குழாயை மறுபடி திறந்தாள். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.