நாலு மணி வண்டியும் பதினாலு நிமிடமும்

என் அருமை மச்சான் குமரேசனுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் அங்கிருந்தே சிரிப்பாய். இங்கே எல்லோரும் நலம். இந்த டிசம்பரோடு உலகம் முடியப்போகிறதாம், டிவியில் தினமும் அதே பேச்சு. நம் டீக்கடையில் காலேஜ் பையன்கள் அதைச் சொல்லிக்கொண்டே ஆளுக்கு இரண்டு பஜ்ஜி கூடுதலாகத் தின்கிறார்கள்.

நீ இருந்திருந்தால் உன்னைக் கையில் பிடித்திருக்க முடியாது. எத்தனை வருடம் இதையே பேசினோம். நீ கடலூர் வண்டியில் கண்டக்டர். நான் சிதம்பரத்தில் அந்தத் தனியார் வண்டிகளுக்கு டைம் கீப்பர், எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று நோட்டில் எழுதுகிறவன். உன் வண்டி நிற்கிற பன்னிரண்டு நிமிடத்தில்தான் நம் டீயும் தர்க்கமும். என் தங்கை செல்வியை உனக்குக் கட்டிவைக்கும் பேச்சுகூட அப்படி ஒரு பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்ததுதான்.

"டயம்னு தனியா ஒண்ணு இல்ல மச்சான். வண்டி ஓடுது, அதனால டயம் இருக்குது. எல்லா வண்டியும் நின்னு, சூரியனும் நிலாவும் நின்னு போச்சுன்னா எதை வச்சு மணி சொல்லுவ?" என்பாய். நான் விடுவேனா? "பந்த் அன்னைக்கு ஒரு வண்டி ஓடல. எனக்கு ஒரு மணிக்குக் கரெக்டா பசிச்சுதே" என்பேன். "பசி வயித்துக்குள்ள ஓடுற வண்டி. அதுவும் நிக்கணும்" என்பாய்.

ஒரு தடவை உன்னை நன்றாக மடக்கினேன், ஞாபகம் இருக்கிறதா? "சரி, டயமே முடிஞ்சிபோச்சுன்னு வச்சுக்க. எத்தனை மணிக்கு முடிஞ்சிதுன்னு யாரு எழுதுறது? எழுத ஒரு ஆளு இருந்தா இன்னும் முடியலன்னுதான அர்த்தம்?" என்று கேட்டேன். நீ டீயை ஊதிக்கொண்டே, "அதுக்குத்தான் நீ இருக்கியே. உன் இஷ்டத்துக்கு ஒரு மணியப் போட்டுக் குடுப்ப" என்றாய். டீ போடுகிறவர் வரைக்கும் சிரித்தார்.

சிரிக்காமல் என்ன செய்வார்? வண்டி லேட்டாகக் கிளம்பினால் கண்டக்டருக்கு முதலாளியிடம் திட்டு. அதனால், "டயம் போட்டுக் குடு மச்சான்" என்று படியில் தொங்கிக்கொண்டே கையைக் காட்டுவாய். நானும் ஆறு நிமிடம், எட்டு நிமிடம் என்று முழுங்கிவிட்டு, கிளம்ப வேண்டிய நேரத்தையே எழுதிவிடுவேன். என் நோட்டைப் பார்த்தால் பதினைந்து வருடத்தில் நீ ஒருநாள்கூட லேட் இல்லை. அந்த வேலை எனக்கே இப்படித் திரும்பும் என்று யார் கண்டது?

போன வருடம் கார்த்திகையில் உன் கடைசி நாள். மூன்று மாதப் படுக்கை. நான் லீவு போட்டுவிட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், செல்வி அடுப்படியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். வாசலில் மெயின் ரோட்டில் உன் நாலு மணி வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நீ கண்ணைத் திறந்தாய். "எத்தன நிமிஷம் லேட்டு மச்சான்?" என்றாய். நான் கையில் கட்டியிருந்த வாட்ச்சைப் பார்க்கவே இல்லை. "கரெக்ட் டயம்" என்றேன். உன் உதடு லேசாக விரிந்தது. அவ்வளவுதான், போய்விட்டாய். அழுதுகொண்டு எழுந்தவன் அப்போதும் மணி பார்க்கவில்லை. டைம் கீப்பராம், டைம் கீப்பர்.

இந்தக் கார்த்திகையில் முதல் வருடத் தெவசத்துக்கு ஐயரிடம் நாள் கேட்கப் போனோம். நீ போன அன்றைக்கு மாலை நாலு பன்னிரண்டு வரைக்கும் நவமி, அதற்கப்புறம் தசமி. உயிர் பிரிந்தது எத்தனை மணிக்கு என்று கேட்டார். யாரும் மணி பார்க்கவில்லை என்றேன். "தெரியலன்னா அமாவாசையில பண்ணிடலாம்" என்றார். செல்வி ஒத்துக்கொள்ளவில்லை. "அமாவாசை ஊருக்கெல்லாம் பொதுவுங்க. அவருக்குன்னு ஒரு நாளு வேணும். தப்பான நாள்ல எல போட்டு, அவரு வந்து பாத்துட்டுப் பசியோட போறதுக்கா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கு எனக்குப் பதிலாக உட்கார்ந்தவர், நாலு மணி வண்டி நாலு மணிக்குக் கிளம்பியதாக எழுதியிருந்தார். ஸ்டாண்டிலிருந்து உன் வீட்டுக்கு ஐந்து நிமிடம். அப்படியானால் நவமி. செல்வி நிம்மதியாகக் காய்கறி லிஸ்ட் எழுத ஆரம்பித்துவிட்டாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. அந்த நோட்டின் லட்சணம் என்னைவிட யாருக்குத் தெரியும்?

மறுநாள் உன் பழைய டிரைவர் பாயைப் பிடித்தேன். "கரெக்ட் டயம்தாண்ணே" என்றார் முதலில். முதலாளிக்குப் போகாது, குமரேசன் தெவசத்துக்காகக் கேட்கிறேன் என்றதும் தலையைச் சொறிந்தார். "லேட்டு ஜாஸ்திண்ணே. நாலு பதினாலு. கதவு மாட்டிக்கிச்சு, அத சரி பண்ணிக்கினு கெளம்பறதுக்குள்ள நாலேகால் வண்டிக்காரன் சண்டைக்கே வந்துட்டான். அந்தச் சண்டையாலதான் எனக்கு ஞாபகம்" என்றார்.

ஆக, உன் வாசலைத் தாண்டும்போது நாலு பத்தொன்பது. தசமி. நாள் கிடைத்தது என்று எனக்குச் சந்தோஷமே வரவில்லை மச்சான். கடைசியாக நீ கேட்ட ஒரே கேள்விக்கும் பொய் சொல்லி அனுப்பியிருக்கிறேன் என்றுதான் வலித்தது. அன்று மாலையே செல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நோட்டில் நான் எழுதிவந்ததையும் சேர்த்து.

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள். "அண்ணா, படுத்த படுக்கையிலயும் ஹாரன் சத்தத்த வச்சே எத்தன நிமிஷம் லேட்டுன்னு என்கிட்ட தெனம் சொல்லுவாரு. ஒருநாளும் தப்புனது இல்ல. அன்னைக்கு மட்டும் தெரியாமயா கேட்டாரு? நீ இன்னா சொல்லுவன்னு பாக்கத்தான் கேட்டிருப்பாரு" என்றாள். கடைசியாக உன் உதட்டில் விரிந்த அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் எனக்கு ஒரு வருடம் கழித்து விளங்கியது. எமகாதகன்டா நீ.

தசமியன்று இலை போட்டோம். உனக்குப் பிடித்த கத்தரிக்காய், முருங்கைக்காய் சாம்பார், வடை, பாயசம். சாப்பிட்ட கையோடு ஸ்டாண்டுக்குப் போய்ப் பழைய நோட்டை எடுத்தேன். நாலு மணி என்றிருந்ததைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, நாலு பதினாலு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உன் வண்டிக்கு நான் போட்ட முதல் லேட்டு இதுதான்.

நாலு மணிக்குக் கிளம்பிய வண்டி என்றே விட்டிருந்தால் நாலு ஐந்துக்கே நீ செத்துப்போனதாக ஆகியிருக்கும். இப்போது அந்தப் பதினாலு நிமிடமும் நீ எங்களோடு இருக்கிறாய். செல்வி கஞ்சி காய்ச்சுகிறாள், உன் கை என் கையில் சூடாக இருக்கிறது.

உலகம் முடிந்தாலும் முடியாவிட்டாலும் அடுத்த கார்த்திகை தசமிக்கு இலை போடுவோம். அதுவரைக்கும் எவன் கெஞ்சினாலும் உள்ள நேரத்தைத்தான் எழுதுவேன், இது உன்மேல் சத்தியம்.

உன் செல்வியின் அண்ணன்,
உனக்கு என்றைக்கும் மச்சான்,
தட்சிணாமூர்த்தி