அண்ணாச்சி காரின் காற்றுக் கணக்கு

3 ஜூன் 2025, செவ்வாய்

பத்து மாதம் கழித்து சண்முகவேல் அண்ணாச்சியின் சிவப்புக் கார் மறுபடி எங்கள் தேனாம்பேட்டை ஒர்க்‌ஷாப்புக்கு வந்திருக்கிறது. புது இன்ஜின். மேலே அதே சூப்பர்சார்ஜர். அதைச் சுழற்றும் புல்லியை மட்டும் சின்னதாக்கியிருக்கிறார். இனி இன்னும் வேகமாகச் சுற்றும், இன்னும் அதிகக் காற்றை இன்ஜினுக்குள் அழுத்தும்.

தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். ஐம்பத்து நான்கு வயதில் கார் ரேஸ் பழகுகிறார். கடைக்குப் போகிற அதே வெள்ளைச் சட்டையில் நின்று சொன்னார்: "போன தடவ பண்ணின மாதிரியே பண்ணிருங்கம்மா. வண்டி நல்லாத்தானே ஓடுச்சு. பெட்ரோல்லா கெட்டது."

தலையாட்டினேன். என் பார்ட்னர் மெஹபூப் அலி பாய் என் பக்கம் திரும்பாமல் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பெட்ரோல் கெடவில்லை. அது எனக்கும் பாய்க்கும் மட்டும்தான் தெரியும்.

4 ஜூன்

பானெட்டைத் திறக்கவில்லை. துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

6 ஜூன், வெள்ளி

போன ஆகஸ்டில் எழுதாததை இன்று எழுதிவிடுகிறேன்.

இன்ஜினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்று தெரிந்தால்தான் கம்ப்யூட்டர் அதற்கேற்ற பெட்ரோலை ஊற்றும். தெரிந்துகொள்ள இரண்டு வழி. காற்று நுழையும் குழாயில் ஒரு சென்சார் வைத்து நேராக அளக்கலாம். அந்த சென்சாரை மாஃப் என்போம். அல்லது இன்ஜின் வாயிலில் அழுத்தத்தையும் வெப்பத்தையும் பார்த்து, இவ்வளவு காற்று போயிருக்கும் என்று கணக்குப் போடலாம். நான் எடுத்தது கணக்கு. குழாய் வேலை குறைவு. எனக்குக் கணக்கு வரும் என்ற திமிரும்தான்.

வெப்ப சென்சாரைச் சூடான உலோகத்தின் மேலேயே மாட்டியிருந்தேன். அன்று ட்ராக்கில் வண்டிகள் இருபது நிமிடம் வரிசையில் நின்றன. உலோகம் கொதித்தது, அதோடு சென்சாரும். அண்ணாச்சி கிளம்பியபோது உள்ளே போன காற்று ஐம்பது டிகிரிதான் இருந்திருக்கும். சென்சார் எண்பத்தைந்து என்றது. சூடான காற்று அடர்த்தி குறைவு, ஆகவே பெட்ரோலும் குறைவாகப் போதும் என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டது. பெட்ரோல் போதாமல் உள்ளே சூடு ஏறி மூன்றாவது சிலிண்டரின் பிஸ்டன் உருகியது. டயரில் ஆயில் பட்டு, வண்டி இரண்டு சுற்றுச் சுற்றி மணலில் போய் நின்றது. அவர் கதவைத் திறந்து இறங்கி நடந்து வந்தார். அதற்கு எந்தச் சாமிக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல் எல்லாச் சாமிக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அன்று சாயங்காலமே லாப்டாப் பதிவில் பார்த்துவிட்டேன். ஆனால் அவரிடம் சொன்னது, "பெட்ரோல்ல ஏதோ கலப்படம் போலிருக்கு அண்ணாச்சி." ஏன் சொன்னேன்? தெரியவில்லை. வாயில் வந்தது. திருத்த அதற்கப்புறம் எத்தனை நாள் இருந்தது. திருத்தலையே.

"சென்சாரை வேற இடத்துல மாத்திட்டு, அதே கணக்கையே வெச்சுக்கலாமா பாய்?" என்று இன்று கேட்டேன்.

"வெச்சுக்கலாம். அடுத்த மாசம் அவரு இன்னொரு புல்லி மாத்துவாரு, சைலன்சர் மாத்துவாரு. அப்போ உன் கணக்கு இன்னாமா ஆவும்? மாஃப் வெச்சா உள்ள போற காத்து எதுவோ அதான்." கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஆனா போன தடவை மாதிரி வேணாம்னா, ஏன்னு கேப்பாரு. அதுக்கு பதில் உன்னாண்டதான் கீது."

8 ஜூன், ஞாயிறு

காலையில் அச்யுத்தோடு பெசன்ட் நகர் கடற்கரை. கணவனிடம்கூட இதை இதுவரை சொன்னதில்லை. சொன்னேன்.

"பத்து மாசமா இதை மனசுல வெச்சுண்டா சாப்டுண்டிருந்தே?" என்றான். திட்டவில்லை. "நாளைக்குப் போய்ச் சொல்லிடு. நான் கூட வரணுமா?"

வேண்டாம் என்றேன். என் செருப்பையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஈர மணலில் நடந்து வந்தான். இவனுக்கு நான் சொல்ல வேண்டிய நன்றி நிறைய பாக்கி இருக்கிறது.

9 ஜூன், திங்கள்

சொல்லிவிட்டேன்.

பாத்திரக்கடைக் கல்லாவுக்குப் பின்னால், இட்லிக் குண்டான்களுக்கு நடுவே லாப்டாப்பைத் திறந்து காட்டினேன். வெப்பக் கோடு ஏறுவதையும் பெட்ரோல் கோடு இறங்குவதையும் அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். விளக்க வேண்டியிருக்கவில்லை. தினமும் தராசைப் பார்க்கிறவர். இந்தத் தடவை மாஃப் வைத்து நேராக அளக்கலாம் என்றும் சொன்னேன்.

"இது உங்களுக்கு எப்ப தெரியும்?"

"அன்னிக்கே தெரியும், அண்ணாச்சி."

லாப்டாப்பை அவரே மூடினார். பிறகு மெதுவாகத்தான் பேசினார். "பிஸ்டன் போனா போகட்டும். நான் அந்தப் பெட்ரோல் பங்க்ல போய் நாலு பேரு முன்னால அந்தாள ஏசினேன்லா. உன் பங்க்ல தண்ணி கலக்குதியான்னு கேட்டேன். அவனுக்கு இப்ப யாரு பதில் சொல்லுவா?"

எனக்கு இது தெரியாது. சத்தியமா தெரியாது. ஒரு பொய் என் கையை விட்டு எங்கெங்கே போயிருக்கு.

"நாளைக்கு வண்டிய எடுத்துக்கிடுதேன்" என்றார்.

10 ஜூன்

கார் போய்விட்டது.

12 ஜூன், வியாழன்

ஆழ்வார்பேட்டை பக்கம் அந்த பங்க்கைக் கண்டுபிடித்துப் போனேன். அய்யாதுரை என்று ஒருவர், காக்கிச் சட்டை. விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த குழாயை மாட்டிவிட்டு வந்து முழுவதையும் கேட்டார்.

"அந்த சார் சத்தம் போட்டாருங்க. டெஸ்ட் பண்ணிக் காட்டினேன், நம்பல. மேலிடத்துக்கும் கம்ப்ளெய்ன்ட் போச்சு. என்னை ஒரு வாரம் வீட்டுல உக்கார வெச்சாங்க."

மன்னிப்புக் கேட்டேன். அவர் செல்போனை எடுத்து ஒரு நம்பரைப் போட்டு என்னிடம் நீட்டினார். "இதை எங்க ஓனர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க மேடம். அது போதும்."

சொன்னேன். அய்யாதுரை பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு சொல்லையும் கேட்டார். முடிந்ததும், "டீ குடிக்கிறீங்களா?" என்றார். அந்த டீயை நான் மறக்க மாட்டேன்.

திரும்பி வந்ததும் பாயிடம் சொன்னேன். "நானும்தான் வாய மூடிக்கினு இருந்தேன். என்னையும் இட்டுகினு போயிருக்கலாம்ல?" என்று கோபித்துக்கொண்டார்.

16 ஜூன், திங்கள்

அண்ணாச்சி வந்தார். கார் இல்லாமல், தனியாக. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பங்க்குக்கு நானும் போனேன், மன்னிப்புக் கேக்க. எனக்கு முன்னால நீங்க போயிருக்கீங்க."

ஃபேனை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

"வண்டிய இன்னொரு இடத்துல காட்டினேன். போன தடவ மாதிரியே ரெண்டு நாள்ல முடிச்சுருவோம்னாங்க. ட்ராக்ல நின்னு நின்னு சென்சார் சூடாச்சுன்னா என்ன ஆகும்னு கேட்டேன். ஒண்ணும் ஆகாதுன்னாங்க. என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்லா." சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "நேரா அளக்குற வழியையே வைங்க. ஆனா டைனோ உருளை மேல நிறுத்தி ஓட்டிப் பாக்கும்போதெல்லாம் நான் பக்கத்துல இருப்பேன். ஒவ்வொரு நம்பரும் எனக்குச் சொல்லணும்."

கோபம் போய்விட்டதா? தெரியவில்லை. முகத்தில் கொஞ்சம் இருந்தது. ஆனாலும் வந்தாரே.

19 ஜூன், வியாழன்

கார் மறுபடி வந்துவிட்டது. நேராக அளப்பது எழுதத்தான் சுலபம். ஃபில்டரை அடுத்து உடனே குழாய் வளைகிறது. வளைவில் காற்று சுழல்கிறது, மாஃப் காட்டும் எண் குதித்துக்கொண்டே இருக்கிறது. போதாததற்குப் புது புல்லி தள்ளும் காற்றுக்கு இந்த சென்சார் ஐந்தாயிரம் சுற்றிலேயே கைவிரித்துவிடுகிறது. ஐந்து வோல்ட்டில் முட்டி அப்படியே நிற்கிறது. அதற்கு மேல் குருடு.

"பாத்தீங்களா, கணக்கே தேவலைன்னு தோணுது" என்றேன் அண்ணாச்சியிடம், மறைக்காமல்.

பாய் பம்பரைக் கழற்றிக் கீழே வைத்தார். "இங்க எவ்ளோ எடம் கீது பாரு." ஃபில்டரை இடது விளக்குக்குக் கீழே தள்ளினால் இரண்டு அடி நேர்க்குழாய் கிடைக்கும். குழாயையும் அகலமாக்கினால் அதே காற்று மெதுவாகப் போகும், சென்சார் முட்டாது. ஆக்ஸிலரேட்டரை விடும்போது சூப்பர்சார்ஜர் திருப்பி அனுப்பும் காற்று சென்சாரைத் தாண்டித்தான் சேர வேண்டும், இல்லையென்றால் ஒரே காற்றை இரண்டு தடவை எண்ணிவிடும். அதை அண்ணாச்சிதான் முதலில் கேட்டார். "வித்த சரக்கு திரும்பி வந்தா புதுசுன்னா எழுதுவோம்?" என்றார். பாய் அவரைப் பார்த்து முதல்முறை சிரித்தார்.

28 ஜூன், சனி

குழாய் அகலத்துக்கு ஏற்ப சென்சாரின் அட்டவணையை முதலிலிருந்து எழுதினேன். ஆறு நாள்.

இன்று வேண்டுமென்றே வண்டியை வதைத்தோம். பானெட்டை மூடி, விசிறியை நிறுத்தி, இருபது நிமிடம் சும்மா ஓடவிட்டோம். வெளியே கத்திரி முடிந்த மாதிரியே இல்லை. வெப்ப சென்சார் எண்பத்தெட்டு காட்டியது. பிறகு முழு வேகம்.

அண்ணாச்சி திரையைப் பார்த்து வாசித்துக்கொண்டே வந்தார்: "நாலாயிரம், பதினொண்ணு புள்ளி எட்டு. ஐயாயிரம், பதினொண்ணு புள்ளி ஏழு. ஆறாயிரம், அதேதான்."

காற்றுக்கும் பெட்ரோலுக்குமான விகிதம் அசையவில்லை. மாஃப் நாலு புள்ளி மூன்று வோல்ட்டில் நின்றது, மேலே இடம் மிச்சம். பழைய கணக்கையும் விட்டுவிடவில்லை, காவலுக்கு வைத்திருக்கிறேன். அளந்ததும் கணக்கும் ரொம்ப விலகினால் இன்ஜின் நாலாயிரத்துக்கு மேல் போகாது.

பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

13 ஜூலை, ஞாயிறு

ட்ராக். அண்ணாச்சியின் மனைவி பங்கஜம் அக்காவும் வந்திருந்தார். போன வருடம் வண்டி சுற்றிய விஷயத்தை அண்ணாச்சி இந்த மாதம்தான் அக்காவிடம் சொன்னாராம்.

"இந்தத் தடவ ஒண்ணும் ஆகாதுல்லா?" என்று என் கையைப் பிடித்துக் கேட்டார்.

ஆகாது என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "போன தடவை போனது இந்தத் தடவை போகாது, அக்கா. வேற ஏதாவதுன்னா வண்டி தானா வேகத்தைக் குறைச்சுக்கும்" என்றேன். அவர் கையை விடவில்லை.

வரிசையில் வண்டி கால் மணி நேரம் நின்றது. பிறகு பன்னிரண்டு சுற்று. பதினேழு வண்டியில் ஒன்பதாவது. ஹெல்மெட்டைக் கழற்றியதும் அண்ணாச்சி நேராக பாயிடம் போய், "கடைசி வளைவுல எவ்வளவு காட்டுச்சு?" என்று கேட்டார். அக்கா அப்போதுதான் என் கையை விட்டார். விரல் பதிந்து சிவந்திருந்தது. இருக்கட்டும்.

22 ஜூலை, செவ்வாய்

கோயம்புத்தூரிலிருந்து விஜயராகவன் என்று ஒருவர் போன் செய்தார். அவரும் காரில் சூப்பர்சார்ஜர் மாட்டியிருக்கிறாராம், என்னிடம் கொண்டுவரலாமா என்றார். யார் சொன்னது என்று கேட்டேன்.

"சண்முகவேல் சாருங்க. உங்களால ஒருதடவை அவரு இன்ஜின் போயிடுச்சுன்னு சொன்னாருங்க."

நாற்காலியில் உட்கார்ந்தேன். "ஆமாங்க, போச்சு" என்றேன்.

"அத நீங்களே போய் அவருகிட்டச் சொன்னீங்களாமே. அதனாலதாங்க கூப்பிடறேன்."

வியாழக்கிழமை வண்டியை ஏற்றி அனுப்புகிறார்.