வலது முட்டி

அக்கா,

ஆபரேஷன் முடிந்து அம்மா வீட்டுக்கு வந்ததிலிருந்து, நீ அவளுடைய நல்ல காலுக்குத்தான் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறாய்.

தினமும் வீடியோவில் "அப்படித்தாம்மா, சூப்பர்!" என்று கைதட்டுகிறாயே, அது இடது கால். கத்தி பட்டது வலது. வலி தாங்காமல் முதல் வாரமே காலை மாற்றிவிட்டாள். நைட்டியை முட்டிக்கு மேல் தூக்கக் கூச்சப்பட்டாள். நீயும் பரவாயில்லை என்றுவிட்டாய். தையலைக்கூடப் பார்க்காத பிசியோதெரபிஸ்ட்!

நான் வேலைக்குப் போன பிறகுதான் உங்கள் வீடியோ நடக்கும். நேற்று கழிப்பறையில் உட்கார முடியாமல் கத்தினாள். தூக்கப் போனபோதுதான் தொட்டுப் பார்த்தேன். வலது முட்டி பலகையாக இறுகிக் கிடக்கிறது.

"ஏம்மா இப்படிப் பண்ணே?"

"அவ எவ்ளோ சந்தோஷமா கைதட்டுறா, பாவம்டா."

பாவமாம், நீ!

தொற்றுக் காலத்தில் யாரையும் நேரில் பார்ப்பதில்லை என்கிறாய். உன் முதலாளியின் இடுப்பைப் பிடித்துவிட மட்டும் அவர் பங்களாவுக்குப் போகிறாயாமே. அங்கே கிருமியை வாட்ச்மேன் உள்ளே விடமாட்டானோ?

இன்னும் கொஞ்ச நாள் விட்டால் அந்த முட்டி மடங்கவே மடங்காது. இதை உனக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்று வீடியோ வேண்டாம். அம்மாவின் போனை அணைத்து என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கையுறை போட்டுக்கொள், தலையிலிருந்து கால்வரை பிளாஸ்டிக்கைச் சுற்றிக்கொள். வந்து அந்த முட்டியில் கை வை. எப்போது வருகிறாய்?

உன் தம்பி